இரண்டு இன்ஸ்பெக்டர்கள் பாஸ் செய்த கேக் மெஷின்

அந்த மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை. இதை முதலில் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். மேஜை மேல் நிற்கிற கேக் மெஷின் அது. அதன் தலையிலிருந்து இரண்டு கம்பிக் கூடுகள் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். பீட்டர் என்பார்கள். சுவிட்சைப் போட்டால் இரண்டும் எதிரெதிராகச் சுற்றி, கீழே பாத்திரத்தில் இருக்கும் வெண்ணெயையும் சர்க்கரையையும் ஒரு வழி பண்ணிவிடும். நான் கை வைக்கும்வரை ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை.

நான் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை. மற்றவர்கள் செய்து வைத்ததை அளந்து பார்த்து, சரியில்லை என்று திருப்பி அனுப்புகிற இன்ஸ்பெக்டர். வாழ்நாள் முழுக்க ஒரு ஆணிகூடச் செய்யாமல், அடுத்தவன் செய்த ஆணியில் குறை சொல்லிச் சம்பளம் வாங்கியவன் என்று என் மகள் சொல்வாள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருமுல்லைவாயிலில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகு, குறை சொல்வதற்கு எனக்கு எதுவும் வரவில்லை. சாம்பாரில் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

அதே நேரத்தில் என் மனைவிக்கு வேலை வந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டு பேரும் கல்யாணமாகிப் போன பிறகு பொழுது போகாமல் கேக் செய்ய ஆரம்பித்தவள், இரண்டு கிறிஸ்மஸ் தாண்டுவதற்குள் தெருவுக்கே கேக் அக்கா ஆகிவிட்டாள். பிறந்தநாள், முதல் நற்கருணை, நிச்சயதார்த்தம் என்று ஆர்டர் வரும். வாசலில் நிற்கிற என்னிடம், “கேக்கக்கா ஊட்டுக்காரர்தானே நீங்க?” என்று கேட்டுவிட்டு உள்ளே போவார்கள். ஆமாம் என்று சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் எரியும்.

எரிந்ததற்குக் காரணம் பொறாமை என்று கொஞ்ச காலம் நானே நம்பிக்கொண்டிருந்தேன். உண்மை அதைவிட அசிங்கமானது. எனக்கும் அந்தச் சமையலறையில் ஒரு வேலை வேண்டும் என்று ஏங்கினேன். வெறுமனே வேலை. ஒரு முறை முந்திரி நறுக்கித் தருகிறேன் என்று கத்தியை வாங்கினேன். எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து நறுக்கியதில், அவள் மாவு கலந்து முடித்து ஓவனையும் சூடாக்கிவிட்டு வந்து நின்றாள். நான் எட்டாவது முந்திரியில் இருந்தேன். இன்னொரு முறை கேக் தட்டுக்குள் அடியில் போடும் காகிதத்தை வெட்டக் கொடுத்தாள். விட்டம், ஆரம் என்று நான் பென்சிலைத் தேடுவதைப் பார்த்துவிட்டு, தட்டையே காகிதத்தின் மேல் கவிழ்த்து வெட்டிக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு சமையலறை வாசலில் என்னைப் பார்த்தால், “நீங்க போயி பேப்பர் படிங்க” என்பாள். கோபமாகச் சொல்ல மாட்டாள். அதுதான் இன்னும் மோசம்.

இப்படி இருக்கும்போது எங்கள் பங்குச் சாமியாருடைய குருத்துவ வெள்ளி விழா வந்தது. பங்கில் தெருவாரியாக இருக்கும் குடும்பக் குழுக்களை அன்பியம் என்போம். ஒவ்வொரு அன்பியமும் ஒரு பொறுப்பை எடுத்துக்கொண்டது. பக்கத்துத் தெரு அன்பியம் பிரியாணி, இரயில் நிலையப் பக்கத்து அன்பியம் மாலையும் மேளமும், எங்கள் அன்பியத்துக்குக் கேக். கூட்டத்தில் பெண்கள் பலரும், இவ்வளவு பெரிய விழாவுக்கு ஆவடியில் நல்ல பேக்கரியில் சொல்லிவிடலாம், வீட்டில் செய்தால் சரிவருமா என்று இழுத்தார்கள். என் மனைவி கூட்டத்தில் பேசவே மாட்டாள். அன்று எழுந்து, “நான் செய்யறேன்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வீட்டுக்கு வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், கை ஜில்லென்று இருந்தது.

ஞாயிறு விழா. வெள்ளிக்கிழமை அவள் வெண்ணெயும் முட்டையும் வாங்க ஆவடி மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். வீட்டில் நான், மெஷின், இரண்டு பேர் மட்டும். சும்மா போய் அதன் முன்னால் நின்றேன். ஒரு பீட்டரை விரலால் ஆட்டிப் பார்த்தேன். இலேசாக ஆடியது. அந்த ஆட்டத்தைக் கண்டதும் எனக்குள் எப்படி ஒரு சந்தோஷம் வந்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பீட்டர் என்றால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அது கழற்றி மாட்டுகிற சாமான். அது எனக்கு அன்று தோன்றவில்லை. இவ்வளவு பெரிய ஆர்டருக்கு முன்னால் பிரித்துத் துடைத்து ஒரு ஓவர்ஹால் செய்துவிடுவோம், அவள் வரும்போது மெஷின் புதுசாக நிற்கும், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

முகத்தைப் பார்க்கத்தான் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மேல் மூடியைக் கழற்றினேன். உள்ளே பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. நடுவில் மோட்டாரின் தண்டு, அதன் இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளைப் பல்சக்கரங்கள். பல்சக்கரத்துக்கு ஒரு பீட்டர். பழைய கிரீஸ் கறுத்துப்போய் அப்பியிருந்தது. சக்கரங்களை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தேன். இரண்டிலும் ஓரிடத்தில் சிவப்பாக ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்துச் சுரண்டி எடுத்தேன். அது செய்தவன் போட்ட அடையாளம், மறுபடி மாட்டும்போது எந்தப் பல் எங்கே வர வேண்டும் என்பதற்காக. என் சர்வீஸில் எத்தனை பேரை, அடையாளம் அழிந்திருக்கிறது என்று திட்டித் திருப்பி அனுப்பியிருப்பேன். அந்த இரண்டு பொட்டையும் சுரண்டியபோது மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

மாட்டும்போதுதான் கேள்வி வந்தது. எந்தப் பல்லில் எந்தப் பல்? யோசித்தேன். ஜோடியாக இருக்கும் இரண்டு சாமான் எப்படி இருக்க வேண்டும்? ஒன்றைப்போல ஒன்று இருக்க வேண்டும். இதற்குத்தான் அரசாங்கம் எனக்கு இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தது. மூலைமட்டத்தை எடுத்து வைத்து, இந்தப் பீட்டரின் கம்பி எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதே திசையை அந்தப் பீட்டரின் கம்பியும் பார்க்கும்படி திருப்பி, மயிரிழை பிசகாமல் உட்கார வைத்தேன். மூடியை மாட்டினேன். இரண்டும் நேர்கொண்டு அட்டென்ஷனில் நின்றன.

சுவிட்சைப் போட்டிருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. செய்தவனே பாஸ் செய்யக் கூடாது. இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் ஓட்டுவது. ஆகவே என்னோடு வேலை பார்த்து என்னோடே ஓய்வு பெற்ற நண்பனுக்குப் போன் செய்தேன். பிறந்து வளர்ந்ததெல்லாம் திருமுல்லைவாயில்தான் அவனுக்கு, இரண்டு தெரு தள்ளி வீடு. அவனும் வீட்டில் சும்மாதான் இருக்கிறான் என்பதால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்துவிட்டான்.

“இன்னா மாமே, இன்னா கேசு?” என்றான்.

விவரம் சொன்னேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தான். இந்தப் பக்கமிருந்து பார்த்தான், அந்தப் பக்கமிருந்து பார்த்தான். மூலைமட்டத்தை என்னிடமிருந்து வாங்கி அவனே வைத்துப் பார்த்தான்.

“சோக்கா கீது மாமே. ரெண்டும் ஒரே மாரி நிக்குது. இத்த ரிஜெக்ட் பண்றவன் பொறந்துதான் வர்ணும்” என்றான்.

கை குலுக்கிக்கொண்டோம். மெய்யாகவே குலுக்கிக்கொண்டோம். பிறகு நான் சுவிட்சைப் போட்டேன்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் சொல்ல முடியாது. இரண்டு பீட்டரும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, மாட்டிக்கொண்டு, நின்றுவிட்டன. மோட்டார் மட்டும் உறுமியது. நண்பன்தான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். ஒரு பீட்டரின் கம்பி வளைந்து தொங்கியது.

“பீட்டர் மட்டமான சரக்கு மாமே” என்றான் நண்பன். நானும் உடனே ஒப்புக்கொண்டேன். எங்கள் இருவரின் அளவிலும் தப்பு இருக்க வாய்ப்பே இல்லை என்பதால், தப்பு பீட்டரில்தான் இருக்க வேண்டும். வளைந்த கம்பியைச் சமையல் மேடையின் கருங்கல்லில் வைத்து மரச்சுத்தியால் தட்டி நேராக்கினோம். மறுபடி மூலைமட்டம் வைத்தோம். மறுபடி பாஸ் செய்தோம். மறுபடி சுவிட்சைப் போட்டோம். இந்தத் தடவை இன்னொரு பீட்டரும் வளைந்தது. ஜோடி என்றால் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற எங்கள் கொள்கை அப்போதுதான் முழுமையாக நிறைவேறியது.

நண்பன் வாட்சைப் பார்த்து, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர வேண்டும் என்று கிளம்பிவிட்டான். நான் பைக்கை எடுத்துக்கொண்டு அம்பத்தூருக்கு ஓடினேன். சமையல் மெஷின் சாமான் விற்கும் கடையில் அதே மாதிரி பீட்டர் ஒரு ஜோடி கிடைத்தது. கடைக்காரர் மெஷினைக் கொண்டுவந்தால் பார்த்துத் தருகிறேன் என்றார். இன்ஸ்பெக்டராக இருந்தவன் மெக்கானிக்கிடம் மெஷினைத் தூக்கிக்கொண்டு போவதா? எங்கள் குவார்ட்டர்ஸில் ஃபேன் ரிப்பேருக்கு ஆள் கூப்பிட்டவரைக்கூட ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்தபோது அவள் வீட்டில் இருந்தாள். வெண்ணெய்ப் பொட்டலங்களை அடுக்கி வைத்துவிட்டு, மேஜை மேல் மெஷின் பிரிந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பார்க்க ஆசைப்பட்ட முகம்.

“ஓடிட்டுதானேங்க இருந்துச்சு?” என்றாள்.

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். புதுப் பீட்டர் இருக்கிறது, ஐந்து நிமிஷம் கொடு என்று எதையோ உளறினேன். புதுப் பீட்டரைப் போட்டு, சுவிட்சைப் பயந்து பயந்து தட்டி உடனே அணைத்தேன். அதே இடி. அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். “வேணும்னா ஆவடி பேக்கரில நான் போயி சொல்லிட்டு வந்துடட்டுமா?” என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்றது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தரையில் புதைந்துபோகலாம்போல இருந்தது.

மறுநாள் காலையில் அவள் பரணிலிருந்து பெரிய அலுமினியக் குண்டானை இறக்கினாள். எல்லா வெண்ணெயையும் சர்க்கரையையும் அதில் போட்டாள். இரண்டு மரக்கரண்டிகளை எடுத்தாள். ஒன்றை என் பக்கம் நீட்டினாள்.

“உக்காருங்க. ஒரே பக்கமா சுத்தி அடிக்கணும், வெளுத்து வர்ற வரைக்கும்.”

அவள் தரையில் உட்கார்ந்தாள். முழங்கால் மடங்காது என்பதால் நான் முக்காலியில். குண்டான் நடுவில். அடிக்க ஆரம்பித்தோம். மூன்று சுற்று போவதற்குள் என் கரண்டி அவள் கரண்டியில் மோதியது. மறுபடி மோதியது. வெண்ணெய் தெறித்து என் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது.

“நான் நடுவுக்கு வர்றப்ப நீங்களும் நடுவுக்கு வந்தா எப்படிங்க? நான் உள்ள வர்றப்ப நீங்க வெளிய போங்க. நான் போனதும் நீங்க வாங்க” என்றாள்.

என் கை நின்றுவிட்டது. அட முட்டாளே என்று என்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டேன். ஒரு பீட்டரின் கம்பி நடுவுக்கு வரும் நேரத்தில் மற்றதன் இடைவெளி அங்கே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி நின்றால் ஒரே நேரத்தில் நடுவுக்கு வந்து மண்டையை உடைத்துக்கொள்ளும். ஒன்றுக்கு ஒன்று அரைப் பங்கு தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இதை வைத்துத் திருமணப் பூசையில் ஒரு நல்ல பிரசங்கம் செய்யலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்குத் தோன்றியது பல்சக்கரம் மட்டும்தான்.

“நிறுத்தாதீங்க, இறுகிடும்” என்றாள் அவள்.

அடித்துக்கொண்டே இருந்தோம். தோள்பட்டை கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. வலியை மறக்க நான் ஏதாவது பேசினேன். அவளும் பேசினாள். அவள் முதன்முதலில் கேக் செய்தது குவார்ட்டர்ஸில், பிரஷர் குக்கரில் மணல் போட்டு என்று சொன்னாள். எனக்கு அது தெரியவே தெரியாது. நான் சாப்பிடவில்லையா என்று கேட்டேன். “உங்களுக்கு அப்ப செகண்ட் ஷிஃப்ட். நீங்க வர்றதுக்குள்ள பசங்க தட்டக்கூட நக்கி வெச்சுட்டாங்க” என்றாள். இந்த விழாக் கேக்கை ஒத்துக்கொண்டது முதல் பயமாகவே இருக்கிறது என்றும் சொன்னாள். அதையெல்லாம் அவள் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று யோசித்தேன். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

கேக் நன்றாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியார் வெட்டியபோது, எந்தக் கடை என்று யாரோ கேட்டார்கள். எங்கள் அன்பியத்துப் பெண்கள், கடைக்குப் போகலாம் என்று இழுத்த அதே பெண்கள், கடையா, எங்கள் கேக் அக்கா செய்தது என்று சத்தமாகச் சொன்னார்கள். அவள், “அவரும் சேந்து அடிச்சாரு” என்று என்னைக் காட்டினாள். “அண்ணனா?” என்று ஒரு பெண் கேட்ட விதத்தில் நம்பிக்கை கொஞ்சமும் இல்லை.

அன்று மாலை அவள் களைத்துத் தூங்கியபோது மெஷினைத் திறந்தேன். ஒரு சக்கரத்தைத் தூக்கி, இதன் கம்பி அதன் சந்தில் வரும்படி தள்ளி வைத்து மூடினேன். சத்தம் வெளியே வராமல் மேலே போர்வையைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். நன்றாக ஓடியது. அவளை எழுப்பிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மெஷின் ஓடினால் நான் மறுபடியும் பேப்பர் படிக்கப் போக வேண்டும். அவள் கேட்டபோது, “ஒரு கியர் வரணும், ஆர்டர் கொடுத்திருக்கேன்” என்று வாய் கூசாமல் சொன்னேன்.

கியர் வந்தபாடில்லை. அடுத்து ஒரு பிறந்தநாள் கேக், பிறகு ஐயப்பன்தாங்கலிலிருந்து ஒரு நிச்சயதார்த்தக் கேக், எல்லாம் கையால்தான். காலையில் குண்டானை நானே எடுத்து வைத்துவிடுவேன். அடித்துக்கொண்டே தொழிற்சாலைக் கதை ஏதாவது சொல்வேன், வெண்ணெய் வெளுத்துவிட்டால் கதை பாதியில் நிற்கும். இராத்திரி தோளில் தைலம் தேய்த்துக்கொள்வேன், வலி என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஒரு நாள் நண்பன் வாசலில் வந்து நின்று, “இன்னா மாமே, மெசினு ரெடி ஆய்ட்ச்சா இல்லியா?” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். அவனை அப்படியே திருப்பி டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “இதுக்கு நீ மெசினயே கொளுத்தி இருக்கலாம் மாமே” என்றான்.

போன வாரம் காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கேட்டைத் திறக்கும்போதே சமையலறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இடறல் இல்லாமல், வழுவழுவென்று. பொய் பிடிபட்டுவிட்டதே என்ற வெட்கம் ஒரு பக்கம். வேலை போய்விட்டதே என்ற துக்கம்தான் அதைவிடப் பெரிதாக இருந்தது. ரிட்டயர்மெண்ட் அன்றுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் சுவிட்சை அணைத்தாள்.

“நல்லாத்தான் ஓடுது. எப்பவோ சரி பண்ணிட்டீங்க போல” என்றாள்.

பால் பாக்கெட்டைக் கழுவுவதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன்.

அவள் பீட்டர்களைக் கழற்றினாள். பாதி அடித்த வெண்ணெயை வழித்துக் குண்டானில் போட்டாள். குண்டானைத் தரையில் வைத்து, முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

“இது ஓடுனா நீங்க பேசறது ஒண்ணும் காதுல விழ மாட்டேங்குது. உக்காருங்க. போன கேக்குல, அந்த ஃபோர்மேன் மாலையும் கழுத்துமா கேட்டுல நின்னாருன்னு பாதியில விட்டீங்க. அப்புறம் என்ன ஆச்சு?”

தொழிற்சாலையில் நான் வாயைத் திறந்தாலே பக்கத்தில் இருப்பவர்கள் மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிடுவார்கள். நான் பேச வேண்டும் என்று ஒருவர் மெஷினை நிறுத்தியது என் வாழ்க்கையில் அன்றுதான். அந்த ஃபோர்மேனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பது எனக்குச் சத்தியமாக நினைவில்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.